மோட்டாரின் சூடும் மாமியின் குளிரும்

மட்டக்களப்பு வாவிக்கு எழுவான்கரை, படுவான்கரை என இரு கரைகள் உண்டு. இவ்விரு கரைகளிலும் அறுபது வயதைக் கடந்த மோட்டார் வண்டிகள் சில இன்றும் ஓடித்திரிகின்றன. பழமையிற் கொண்ட காதலால் அவை ஓடுகின்றன என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்குரிய கார்கள் மீண்டும் இந்நாட்டிற்கு வரத் தொடங்கியது 2025 ஆம் ஆண்டிலேதான். வரியோடு சேர்ந்த அவற்றின் விலையைப் பத்திரிகையிலே படித்தறியும் உரிமை மட்டுமே எம்போன்ற ஆசிரியருக்கு உண்டு. ஆதலால், கையிலுள்ள பழைய வண்டியின் எஞ்சினைக் கெடாமற் காப்பது எமது வீட்டில் ஒரு பொழுதுபோக்கன்று. குடும்ப வரவுசெலவில் அதற்கென ஒரு தலைப்பே உண்டு.

எமது வண்டி 1960 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மொறிஸ் மைனர். அலெக் இஸ்ஸிகோனிஸ் என்பவர் வகுத்தமைத்த இவ்வண்டி 1948 இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதல் மக்கள் பார்வைக்கு வந்தது. பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டு, 1970 களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி ஓய்ந்தது. ஆயினும் இலங்கையில் அது ஓயவில்லை. 1990 களில் மைனரின் உடற்பாகங்களை இந்நாட்டிலேயே தகட்டில் அடித்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்த தொழிற்சாலையும் ஒன்றிருந்தது. பிறந்த வீட்டுக்கே சீர்வரிசை அனுப்பிய புகுந்த வீடு என்று இதனைச் சொல்லலாம்.

எம்மிடம் வருமுன் இவ்வண்டி மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் எழுதுவினைஞராயிருந்த ஒருவரிடம் இருந்தது. அவர் இளைப்பாறி வாவிக்கரைக் கிராமம் ஒன்றில் வந்து குடியேறியபோது வண்டியும் உடன் வந்தது. அதனாலேதான் எமது வண்டியில் ஹீற்றர் எனப்படும் சூடேற்றி இன்றும் இருக்கிறது. மட்டக்களப்பு வெயிலில் வண்டிக்குள்ளே சூடேற்றியா என்று நகைப்போர் பலர். வெப்பப் பகுதியில் ஓடிய பழைய வண்டிகள் பலவற்றில் அதனைக் கழற்றி வீசிவிட்டு, குழாய்களை அடைத்துவிட்டார்கள். எம்மைக் கேட்டால், வெப்பநாட்டிலேதான் அதனை வைத்திருத்தல் வேண்டும் என்போம். காரணம் உண்டு.

மைனரின் வரலாற்றிலே ஒரு சிறு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். தொடக்கத்தில் வந்த மைனர்களில் தண்ணீர்ப் பம்பி கிடையாது. சூடேறிய நீர் இலேசாகி மேலெழும், ஆறிய நீர் கனத்துக் கீழிறங்கும் என்ற இயற்கை நியதியை நம்பியே எஞ்சினைச் சுற்றி நீர் ஓடியது. 1950 ஆம் ஆண்டின் இறுதியிலே பம்பி பொருத்தப்பட்டது. அதன் பின்னரே சூடேற்றியையும் விரும்பியோர் விலைகொடுத்துப் பெறக்கூடியதாயிற்று. சூடேற்றி தனியொரு கருவியன்று என்பதை இதனால் அறியலாம். எஞ்சினிலே சூடேறிய அதே நீரைச் சிறிய ரேடியேற்றர் ஒன்றினூடாக ஓடவிட்டு, அதன்மேல் விசிறியாற் காற்றை வீசச் செய்வதே சூடேற்றி. முன்னாலிருப்பது பெரிய ரேடியேற்றர். காலடியிலிருப்பது சிறிய ரேடியேற்றர். இரண்டுக்கும் ஒரே நீர், ஒரே பம்பி.

இதனால் ஒரு பயன் விளைகிறது. மைனரில் எஞ்சினின் வெப்பத்தைக் காட்டும் கருவி இல்லை. வேகமும் பெற்றோலின் அளவும் காட்டுகின்ற ஒரேயொரு வட்டமுகமே அதிலுண்டு. எஞ்சின் கொதிக்கின்றதா என்பதை மூக்காலும் காதாலும் அறிந்துகொள்ள வேண்டியதே. ஆனாற் சூடேற்றி உள்ள வண்டியிலே, அதன் வாயிலிருந்து வரும் காற்றே வெப்பமானியாகிவிடும். அக்காற்று சுடுகிறதா, குளிர்கிறதா, இரண்டுங்கெட்டு வெதுவெதுப்பாயிருக்கிறதா என்பதைக்கொண்டு எஞ்சினுக்குள்ளே நடப்பதைப் பெருமளவுக்கு ஊகித்துவிடலாம்.

2025 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு கழிந்த வாரத்தில், நுவரெலியாவிலே தொழில் பார்க்கும் மைத்துனியின் வீட்டுக்குக் குடும்பத்தோடு புறப்பட்டோம். எழுபத்தாறு வயதான எமது மாமியும் உடன் வந்தார். செங்கலடியிலிருந்து மேற்கே திரும்பி, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்குச் செல்லும் அப்பாதையைப் பலரும் அறிவர். பிபிலை வரைக்கும் வண்டி யாதொரு குறையுமின்றி ஓடிற்று. லுணுகலை ஏற்றத்திலேதான் பொனற்றின் ஓரத்திலிருந்து துணி வேகவைத்தாற்போன்ற ஒரு மணம் எழுந்தது.

எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும்போது சூடேற்றியை முழுதாகத் திறந்துவிட்டால், அச்சிறிய ரேடியேற்றரும் வெப்பத்தில் ஒரு பங்கை வெளியேற்றும். உள்ளே இருப்போர் வேர்த்து விறுவிறுக்க நேர்ந்தாலும் எஞ்சின் தப்பிவிடும். இதனை எண்ணி விசிறியின் பொத்தானைத் திருகினோம். மலைநாட்டுப் பயணத்தை முன்னிட்டு, சிலிண்டர்த் தலையின் பின்புறத்திலுள்ள சூடேற்றியின் திருகியை முதல்நாளே திறந்து வைத்திருந்தோம். அப்பொழுது இடப்பக்கத்திலிருந்த எமது இல்லாள், “இஞ்சேருங்க, காலுக்குப் பச்சைத்தண்ணி ஊத்தினாப்போல காத்து வருது” என்றார்.

எஞ்சின் கொதிக்கிறது; சூடேற்றியோ குளிர்காற்றை வீசுகிறது. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தால் பொருள் என்ன? வெப்பம் இருக்கிறது, அதனைச் சுமந்து செல்லும் நீர் சூடேற்றியை அடையவில்லை. ஒன்றில் நீர் குறைந்து, பம்பி நீருக்குப் பதிலாக ஆவியையும் காற்றையும் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். அன்றேல் வழியிலே அடைப்பு இருக்க வேண்டும். நீர் குறைந்த எஞ்சினை மேலும் நூறு யார் ஏற்றத்தில் ஓட்டுவதும் உலையில் அரிசி போடாமல் நெருப்பெரிப்பதும் ஒன்றே. உடனே ஓரத்தில் நிறுத்திவிட்டோம்.

கொதிக்கும் ரேடியேற்றரின் மூடியை அவசரப்பட்டுத் திறந்து முகத்தை வேகவைத்துக்கொண்டவர்கள் இந்நாட்டிற் பலர். அந்த மூடி வெறும் மூடியன்று. எமது வண்டியின் மூடி சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கத்தை உள்ளே அடக்கி வைத்திருக்கும். கடல்மட்டத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், அவ்வமுக்கத்தின் கீழ் ஏறக்குறைய 111 பாகை வரை கொதியாது. மூடியைத் திறந்ததும் அமுக்கம் நீங்கும். அதுவரை அடங்கியிருந்த நீர் ஒரே கணத்தில் ஆவியாய்ச் சீறும். ஆகவே அரைமணிக்கு மேற் காத்திருந்து, தடித்த சாக்குத் துணியை மேலே போட்டு, முதற் படி வரை மட்டும் திருகி ஆவியைப் போக்கிய பின்னரே திறந்தோம். உள்ளே இரண்டு லீற்றருக்கு மேல் நீர் குறைந்திருந்தது. மொத்தமே ஐந்து லீற்றரளவு கொள்ளும் எஞ்சினுக்கு இது சிறு குறையன்று. வழியோரப் பீலியிற் பிடித்த நீரை, எஞ்சினை மெல்ல ஓடவிட்டுக்கொண்டே, சிறிது சிறிதாக ஊற்றினோம். சூடேறிய வார்ப்பிரும்பின்மேற் குளிர்நீரை ஒரேயடியாகக் கொட்டினால் வெடிப்பு விழும் என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான்.

அன்று மாலை பதுளையில் ஒரு கராச்சுக்குச் சென்றோம். பொனற்றைத் திறந்து பார்த்தவர், ஒரு சொட்டு நீரும் வெளியே ஒழுகாதிருப்பதைக் கண்டார். “வெளியில ஒழுகேல்லை எண்டால் உள்ளுக்க ஒழுகுது, சேர். ஹெட் கஸ்கற் போட்டுது. இந்த எஞ்சினைக் கழட்டி எறிஞ்சுபோட்டு ஜப்பான் எஞ்சின் ஒண்டு போடுவம்” என்றார். அவர் சொன்ன தொகை எமது இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கி மூன்றாவதையும் தொட்டது. போதாக்குறைக்கு, எஞ்சினை மாற்றினால் பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கத்தையும் மாற்றுவிக்க வேண்டும். வண்டியை விட்டுவிட்டுச் செல்லுமாறும், விற்க விரும்பினால் தாமே வாங்கிக்கொள்வதாகவும் அவர் மேலும் கூறினார். இல்லாளின் முகத்தைப் பார்த்தோம். மகளின் பல்கலைக்கழகச் செலவுக்கென ஒதுக்கிய பணத்தை அவர் மனத்துள் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது எமக்குத் தெரியும். மறுநாள் பார்ப்போம் என்று கூறி, உறவினர் வீட்டில் இரவு தங்கினோம்.

சிலிண்டர்த் தலைக்கும் அடிக்கட்டைக்கும் இடையேயுள்ள கஸ்கற் பழுதடைந்திருந்தால் அது நான்கு இடங்களிற் சாட்சி சொல்லும். காலையிலே எஞ்சின் முற்றாக ஆறியிருந்தபோது அந்நான்கையும் விசாரித்தோம். எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தோம். நீர் கலந்திருந்தால் எண்ணெய் பாற்கஞ்சி போலிருக்கும், அவ்வாறில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினோம். நீர் புகுந்த சிலிண்டரின் பிளக் கழுவிவிட்டாற்போல் வெளுத்திருக்கும், நான்கும் ஒரே பழுப்பு நிறமாயிருந்தன. ரேடியேற்றரை நிரப்பி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை இயக்கினோம். நீர் சூடாகுமுன்பே குமிழிகள் தொடர்ந்து எழுந்தால் சிலிண்டரின் வாயு நீர்வழியிற் புகுகின்றது என்பது தெளிவு. ஒரு குமிழியும் எழவில்லை. புகைக்குழாயிலும் இனிமை கலந்த வெண்புகை இல்லை. நால்வரும் ஒரே சாட்சி சொல்லவே, கஸ்கற் குற்றமற்றது எனத் தீர்ப்பளித்து, இருபது மைலுக்கு ஒருமுறை நின்று நீர் பார்த்துக்கொண்டு வெலிமடை வழியாக நுவரெலியாவை அடைந்தோம்.

இங்கேதான் இரண்டாவது சிக்கல் எழுந்தது. நீர் நிறைவாயிருந்தும் சூடேற்றி குளிர்காற்றையே வீசிற்று. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. அன்றிரவு மூடுபனியும் தூறலும். பின்னாசனத்திலே இரண்டு போர்வைக்குள் ஒடுங்கியிருந்த மாமி, “காருக்குக் காய்ச்சல், எனக்குக் குளிர். ரெண்டையும் மாத்திப்போட ஏலாதா மகன்?” என்றார். மேலுக்கு நகைச்சுவையாயினும், முதியவரின் நெஞ்சுச்சளி இரவெல்லாம் எம்மைத் தூங்கவிடவில்லை. அடுத்த நாட்காலை சூடேற்றிக்குச் செல்லும் இரு குழாய்களையும் கையாற் பிடித்துப் பார்த்தோம். உள்ளே செல்லும் குழாய் கைபொறுக்காத சூடு. வெளியே வரும் குழாய் தவளையின் முதுகு. இரண்டும் சுட்டால் நீர் ஓடுகிறது என்பது பொருள். இரண்டும் குளிர்ந்தால் திருகி பூட்டியிருக்கிறது அல்லது காற்று அடைத்திருக்கிறது. ஒன்று சுட்டு ஒன்று குளிர்ந்தால் நடுவிலுள்ள சிறிய ரேடியேற்றர் அடைபட்டிருக்கிறது. ஐயத்துக்கு இடமில்லை.

நீர் மறையும் மாயம் மட்டும் ஊர் திரும்பும் வரைக்கும் விளங்கவில்லை. அதனை விளக்கியவர் கல்லடிப் பக்கத்தில் பழைய வண்டிகள் திருத்தும் வயோதிபர் ஒருவர். நாம் அவரை நானா என்றே அழைப்போம். எமது கதை முழுவதையும் கேட்டுவிட்டு, “சேர், சட்டைப்பைக்குள்ள சோக்குக் கட்டி இருக்கா?” என்று கேட்டார். ஆசிரியர் சட்டைப்பையிற் சோக்குக் கட்டிக்குப் பஞ்சமேது! அதனைப் பொடியாக்கிப் பம்பிக்கும் சிலிண்டர்த் தலைக்கும் இடையிலுள்ள பகுதி முழுவதும் பூசி, எஞ்சினை ஏற்றத்தில் ஓடுவது போல வேகமாக ஓடவிட்டார். பத்து நிமிடத்தில் வெண்மையின் நடுவே நூலளவான ஈரக்கோடு ஒன்று இறங்கிற்று.

விரலளவு நீளமுள்ள ஒரு சிறு இறப்பர்க் குழாய் அவ்விடத்திலுண்டு. தலையையும் பம்பியையும் நேராக இணைக்கும் அதன் பின்புறத்தில் வெடிப்பு. எஞ்சின் ஆறியிருக்கும்போது அது ஒழுகாது. அமுக்கம் ஏறிய பின்னரே கசியும். கசிந்த நீரும் கொதிக்கும் இரும்பின்மேல் விழுந்து உடனே ஆவியாகிவிடும். நிலத்திலே ஒரு சொட்டும் காணாதிருந்த மர்மம் இதுவே. ரேடியேற்றர் மூடியின் இறப்பர் வளையமும் காய்ந்து பிளந்திருந்தது. அமுக்கம் நிற்காதபோது 111 பாகை என்ற காப்பு ஏது? நுவரெலியா உயரத்தில் திறந்த நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். மலையேறுகிற வண்டிக்கு மூடி பழுதாவது இரட்டை நட்டம்.

தெர்மோஸ்ரற் இருக்கவேண்டிய கூட்டை அடுத்ததாகத் திறந்தார் நானா. உள்ளே ஒன்றுமில்லை. “இதைப் புடுங்கினவனும் நல்ல எண்ணத்திலதான் புடுங்கியிருப்பான்” என்றார். நீர் உரிய வெப்பத்தை அடையும் வரை ரேடியேற்றருக்குச் செல்லும் வழியை மூடிவைத்திருக்கும் கதவே தெர்மோஸ்ரற். வெப்பநாட்டில் இக்கதவு எதற்கு என்று கருதி அதனை எடுத்துவிடுவது எமது நாட்டில் நெடுநாள் வழக்கம். எஞ்சினைச் செய்தவர்களோ வெப்பநாடுகளுக்கெனக் குறைந்த வெப்பத்திலே, 74 பாகையளவிலே, திறக்கும் கதவையே விதித்தார்கள். கதவே வேண்டாம் என்று கூறவில்லை. கதவில்லாத எஞ்சின் சமதரையில் என்றும் அரைச்சூட்டிலேயே ஓடும். எண்ணெய் தடித்து நிற்கும்; பெற்றோல் வீணாகும்; சிலிண்டர்ச் சுவர் தேயும். சூடேற்றி அடைபடாதிருந்தாலுங்கூட மாமிக்குக் கிடைத்திருப்பது வெதுவெதுப்பான காற்றே.

இனி அடைப்புக்கு வருவோம். நானா நீர்க்குழாயைச் சூடேற்றியின் வெளிவாயிற் பொருத்தி, நீரைத் தலைகீழாகச் செலுத்தினார். கருப்பட்டிக் கரைசல் போன்ற நீரும், அதனோடு மணலளவான துருக்கட்டிகளும் வெளிவந்தன. எஞ்சின் அடிக்கட்டையின் வடிகால் திருகியைக் கழற்றியபோது ஒரு சொட்டும் வரவில்லை. கம்பியாற் குத்திய பின்னரே சேறு இறங்கிற்று. இத்துருவுக்கு ஊர் எமது வாவிக்கரையே. வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தையும் மழையையும் பொறுத்து, அதன் நீர் ஒருகால் நன்னீராயும் ஒருகால் உவர்நீராயும் மாறும். கரையோரக் கிணறுகள் சிலவற்றிலும் அந்த உவர்ப்பு உண்டு. குடிக்கும்போது நாக்கு கண்டுபிடித்துவிடும், ரேடியேற்றருக்கு நாக்கில்லை. எஞ்சின் வார்ப்பிரும்பு, ரேடியேற்றரோ செம்பும் பித்தளையும். இவ்விரு உலோகங்களையும் உப்புநீரால் இணைத்தால் அது ஒரு மின்கலம். வகுப்பிலே முகவையில் நாம் செய்துகாட்டும் பரிசோதனையை அவ்வெஞ்சின் ஆண்டுக்கணக்காகத் தன்னுள்ளே நடத்திக்கொண்டிருந்தது. இரும்பு கரைந்து துருவாகி, எங்கே வழி ஒடுங்கியதோ அங்கே தங்கிற்று. ஒடுங்கிய வழி சூடேற்றியினுடையது. அடுத்ததாக அடைபட்டிருப்பது பெரிய ரேடியேற்றராயிருந்திருக்கும்.

சூடேற்றியைக் கழற்றி வீசியவர்கள் இந்த முன்னறிவிப்பையும் சேர்த்தே வீசிவிட்டார்கள் என்று நாம் கூறுவது இதனாலேதான்.

இப்பொழுது எமது வண்டியில் இருப்பது மார்கழி மழையிற் கூரைவழி பிடித்து வடித்தெடுத்த நீரும், அதே அளவு பசும்நிறக் கூலன்றும். பனி உறையாத நாட்டில் உறைதடுப்பு எதற்கு என்று கேட்போருக்கு, அதிலுள்ள துருத்தடுப்புக்காகவே அதனை வாங்குகிறோம் என்பது எமது விடை. அது கொதிநிலையையும் சில பாகைகள் உயர்த்தும். நச்சுப்பொருளாதலாற் சிறுவருக்கும் வளர்ப்பு நாய்க்கும் எட்டாதபடி வைத்தல் வேண்டும். இனிப்புச் சுவை அதற்குண்டு.

எல்லாச் சூட்டுக்கும் துருவே காரணம் என்று எண்ணிவிடலாகாது. கல்லடியிலே 1924 ஆம் ஆண்டின் பழைய ஒருவழிப் பாலம் மட்டும் இருந்த காலத்தில், மறுகரை வாகனங்கள் கடக்கும் வரை வரிசையிற் காத்துநின்ற பழைய கார்கள் ஆவிவிட்டதை எமது வயதினர் மறந்திருக்கமாட்டார்கள். புதிய பாலம் 2013 இலே திறக்கப்பட்டது. நிற்கும்போது சூடேறி, ஓடும்போது ஆறினால் விசிறிப் பட்டியையும் விசிறியையும் பார்க்க வேண்டும். நிற்கும்போது நலமாயிருந்து, ஓட ஓடச் சூடேறினால் நீரோட்டத்தையும் ரேடியேற்றரையும் பார்க்க வேண்டும். அறுவடைக் காலத்திலே படுவான்கரைப் பக்கம் சென்று வருவோர் முதலிற் பார்க்க வேண்டியது ரேடியேற்றரின் முகத்தை. தெருவோரத்தில் நெல் தூற்றும்போது பறக்கும் பதரும் வைக்கோல் தூசியும் அதன் இதழ்களுக்கிடையிற் புகுந்து, பாய் விரித்தாற்போல் மூடிவிடும். எஞ்சின் பக்கமாயிருந்து மெல்ல நீரடித்தால் போதும், செலவு ஒன்றுமில்லை.

சிறு குழாய், மூடி, தெர்மோஸ்ரற், கூலன்ற், நானாவின் இரண்டு நாட் கூலி ஆகிய அனைத்தும் சேர்ந்து, பதுளையிற் கேட்ட தொகையில் இருபதில் ஒரு பங்கும் ஆகவில்லை. எஞ்சின் தன் பழைய இலக்கத்தோடேயே ஓடுகிறது. மகளின் பணம் வங்கியிலேயே இருக்கிறது.

சூடேற்றிதான் இன்னும் திருந்தவில்லை. துருவைக் கழுவியதும் அதன் தகடு இரண்டிடத்திற் பொத்தலாயிருப்பது வெளிப்பட்டது; அதுவரை துருவே அடைப்பாயிருந்திருக்கிறது. நானா அதனைத் தற்காலிகமாக விலக்கி, இரு குழாய்களையும் ஒன்றாக இணைத்துவிட்டார். இலண்டனிலுள்ள மைத்துனர் அடுத்த விடுமுறையில் வரும்போது புதியதொன்று கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் மாமி முதலிற் கேட்பது பேரப்பிள்ளைகளின் சுகத்தை; அடுத்தபடியாக அந்தப் பெட்டியின் நிறையை.